கறளும் கண்ணும்

ஆரையம்பதிக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரு நீருக்கும் இடையில் வாழும் நமக்குக் கறள் புதிய விருந்தாளி அன்று. சைக்கிளாயினும் படகு இயந்திரமாயினும் நம் மண்ணில் இரும்பு விரைவில் மூப்படைகிறது. பிரித்தானியர் காலத்துக் கல்லடி இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. உவர்க்காற்றோ பழையது, புதியது என்று பார்ப்பதில்லை.

இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. பெருகிய கறள் மரையின் இடுக்குகளில் ஆப்புப்போல் இறுகிவிடுகிறது. ஆகவே, அசைய மறுக்கும் சுரை பிடிவாதம் பிடிக்கவில்லை. இயற்கை விதிக்கு அடங்கி நிற்கிறது.

இதை அறிந்த தொழிலாளி முரட்டுத்தனம் காட்டான். கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டுவான். இடுக்கில் ஊறும் எண்ணெயை விட்டுச் சில மணிநேரம், வேண்டுமாயின் ஓரிரவு, பொறுத்திருப்பான். சுரைக்கு அளவாகப் பொருந்தும் ஸ்பானரையே எடுப்பான். காலை நன்கு ஊன்றித் தன் பக்கமாக இழுப்பான். தள்ளும்போது ஸ்பானர் வழுக்கினால் விரல்முட்டிகள் இரும்பில் மோதும். பிடியில் குழாயைச் செருகி ஏறி மிதிக்கமாட்டான். எண்ணெய் விட்ட இடத்தில் தீயைக் காட்டமாட்டான். வேறு வழியின்றி உளி பிடிக்க நேர்ந்தால், காப்புக் கண்ணாடி அணிந்த பின்னரே சுத்தியலை ஓங்குவான்.

ஆனால், அந்த ஓரிரவை அவனுக்கு யார் கொடுக்கிறார்கள்?

நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் திருத்துமிடம் ஒன்றில் வேலை பழகச் சென்றான். விடியுமுன் இயந்திரம் ஓடியாக வேண்டும் என்றார் முதலாளி. உளிபட்டுத் தெறித்த கறள் துணுக்கு அவன் வலக்கண்ணில் பாய்ந்தது. அக்கண்ணின் பார்வை திரும்பவில்லை. ‘கவனமில்லாத பொடியன்’ என்றது ஊர். அவசரம் முதலாளியுடையது, கண் மாணவனுடையது. இதை எவரும் கேட்கவில்லை. ஒரு சோடிக் கண்ணாடியின் விலை அங்கே வீண்செலவாகக் கருதப்பட்டது.

வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இலும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. ஆயினும், தன் உரிமையை அறியாத பையனைத் தேடிச் சட்டம் பட்டறைக்கு வருவதில்லை.

ஆசிரிய நண்பர்களே, இரும்பு துருப்பிடித்தலைக் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிவிட்டுப் பாடத்தை முடிக்கிறோம். அந்தச் சமன்பாட்டின் மிகுதிப் பாடத்தையும் நாமே நடத்துவோம்: எண்ணெய் ஊறும்வரை காத்திருப்பது சோம்பல் அன்று, காப்புக் கண்ணாடி கேட்பது கோழைத்தனம் அன்று. வேலை பழகச் செல்லும் நம் மாணவர் இவற்றைத் துணிந்து கேட்கட்டும். கேட்டதற்காக அவர்களை வெளியே அனுப்பினால், அவர்களுக்காகப் பேச நாமும் அந்தப் பட்டறை வாசலுக்குப் போக வேண்டும்.