பசறையிற் கேட்ட இரதி புலம்பல்

தம் உள்ளத்தை உருக்கிய பாட்டைத் தனியே கேட்டு அமைபவர் சிலரே. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு ஊரும் பேரும் எழுதிய அஞ்சலட்டைகள் குவிந்தமை இதனாலன்றோ? இம்மலரின் வாயிலாக எம் பழைய மாணவரோடு நாம் பகிர விழைவதும் ஒரு பாட்டையே. அஞ்சலட்டை எழுதிப் பெறக்கூடிய பாட்டன்று அது.

கல்லூரியை விட்டு நீங்கியபின் ஆசிரியத் தொழில் எம்மைப் பசறைக்குக் கொண்டு சேர்த்தது. 2036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை மலையை அண்ணாந்து நோக்கிய தோட்டமொன்றில் வாழ்ந்தோம். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியே எம்மையும் எழுப்பும். 1971ஆம் ஆண்டு மாசியில், அதே தப்பு இரவிலே வேறொரு தாளம் பேசக் கேட்டோம். காமன் கூத்துத் தொடங்கியிருந்தது.

அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவர். இரவுதோறும் பாட்டு நடக்கும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும், அவன் மீள எழுவதும் கதை. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய இளைஞர் ஒருவரே இரதியாக வேடமிட்டிருந்தார். கச்சியப்பரின் காமதகனப் படலத்தைக் கோயில் முன்றிலிற் பயன்சொல்லக் கேட்டு வளர்ந்த எமக்கு இக்கதை புதிதன்று. ஆயினும் அவ்வோசை புதிது. உச்சியில் எழுந்து, படிப்படியாய்த் தாழ்ந்து, அடியின் ஈற்றில் நீண்டு தேய்ந்தது. அருகிருந்த மூதாட்டி ஒருவர் மெல்ல உடன்பாடினார். சற்றே செவிமடுத்தபோது, அவர் வாயில் வந்த பெயர் மன்மதனுடையதன்று. இறந்துபோன தம் மகனுடையது. சுற்றியிருந்த பெண்களும் தத்தம் பெயர்களைச் சேர்த்துக்கொண்டனர். கூத்து எங்கே முடிந்தது, ஒப்பாரி எங்கே தொடங்கிற்று என்பதை எம்மாற் பிரித்தறிய முடியவில்லை.

அதே ஓசையைப் பின்னர் பதுளைப் புகையிரத நிலையத்திலும் கேட்டோம். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தது. 3,00,000 பேருக்கே இந்நாட்டுக் குடியுரிமை. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களிடம் எவரும் கேட்டாரல்லர். தலைமன்னாருக்குச் செல்வோரை ஏற்றிய வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அப்பெயர் மிகையன்று. உயிரோடிருப்பவரைக் கட்டிக்கொண்டு, இறந்தாருக்குரிய பாட்டைப் பெண்கள் பாடினர். போனவர் திரும்பார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வண்டி நகர்ந்தபின்னும் மேடையிலே பாட்டு நின்றபாடில்லை.

மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். தாலாட்டும் ஒப்பாரியும் அச்சேறியது அவர் செய்த பேருபகாரம். ஆனால் ஓசையை அச்சிலே பிடிப்பது எங்ஙனம்? சொற்களை மட்டும் வாசித்து 'இதில் என்ன உண்டு?' என வினவும் நண்பருக்கு எம்மால் விடை கூற இயலவில்லை. நாமே பாடிக்காட்டலாமெனின், எம் குரலோ தேவார வகுப்பிலும் பின்வரிசைக்கு உரியது!

அன்று இரதியாக நின்றவர், குடும்பத்தோடு நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் குடியேறினாரென்பது கேள்வி. இருப்பாராயின் எண்பதை எட்டியிருப்பார். அப்பக்கம் செல்லும் பழைய மாணவர் எவரேனும் இருப்பின், மாசி மாதத்திற் செல்வாராக. கைத்தொலைபேசியிற் பதிந்துவரின் போதும். எமக்கு முதல் மூன்று அடிகளே நினைவில் உள்ளன. நான்காவதன் ஈற்றை அவர் எப்படி இழுத்தாரென்பதே தெரியவேண்டும்.