டிஸ்ட்ரிபியூட்டர் மேசையில் பழைய பிக்கப்பின் மைலேஜ்

1970களின் தொடக்கத்தில் வந்த செவ்ரொலே சி10 பிக்கப்பில் 350 கன அங்குல வி8 எஞ்சின் இருந்தால், அதன் எட்டு சிலிண்டர்களுக்கும் பொறி கொடுப்பது ஒரே ஒரு பாயிண்ட் செட். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும்போது அந்த ஒரு செட் பத்தாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயிலில் ஓடும் மின்னோட்டம் அறுபட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியாக உரிய பிளக்குக்குப் போகிறது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் சுயமாகக் கிளப்பும் மோட்டாரோடு சேர்ந்து வந்த பேட்டரி இக்னிஷன், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படையில் மாறாமல் இந்தப் பிக்கப்புகளில் இருந்தது.

பழைய பிக்கப் பெட்ரோலை அதிகம் குடிப்பதற்கு அதன் எடையும், காற்றைக் கிழிக்கும் முகமும், கார்பரேட்டரும் காரணங்கள். இவற்றில் எதையும் இக்னிஷனால் மாற்ற முடியாது. தேய்மானத்தால் இழந்ததை மீட்டுத் தருவதும், தொழிற்சாலையிலேயே முழுதாகக் கிடைக்காத கொஞ்சத்தைச் சேர்ப்பதுமே அதனால் ஆகும். அந்த இழப்பு சிறியதல்ல. எட்டில் ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் அதற்கான எட்டில் ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய்க்குப் போகிறது. மற்ற ஏழும் அதன் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

பாயிண்ட் தேய்வது இரண்டு இடங்களில். தொடும் முனைகள் மின்பொறியால் கருகிக் குழி விழுகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் காமைத் தொட்டு உரசும் சிறு கட்டை தேய்ந்து இடைவெளியைக் குறைக்கிறது. புதிதாகப் பொருத்தும்போது சுமார் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும் இடைவெளி குறையக் குறைய, முனைகள் தாமதமாகத் திறக்கின்றன, பொறியும் தாமதமாகிறது. பிஸ்டன் மேல் எல்லையைத் தாண்டியவுடன் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால்தான் அது கிராங்கைத் தள்ளும் வேலையாக மாறும். தாமதமாக எரிந்தால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்கும் சைலென்சருக்கும் போய்விடுகிறது. ஓட்டுநருக்கு இது ஒரே நாளில் தெரிவதில்லை. இழுவை குறைகிறது, ஆக்சலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார், டாங்க் சீக்கிரம் காலியாகிறது.

இதைச் சரிசெய்யும் வேலையை நேரில் பார்க்க இந்தியானா மாநிலத்தின் ஆண்டர்சனைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரெமி பிரிவுக்கு இந்த ஊர்தான் தாயகமாக இருந்தது. கோடிக்கணக்கான வண்டிகளின் மின்பாகங்களுக்குப் பின்னால் அந்தப் பெயர் இருந்தது. தொழிற்சாலைகள் போய்விட்டன, கைகள் எஞ்சியிருக்கின்றன. ஊரின் ஓரத்தில் நான் போய்ப் பார்த்த பட்டறை, இரண்டு வண்டி நிற்கும் அளவுள்ள ஒரு கொட்டகை. பாயிண்டும் ரோட்டாரும் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களை மட்டும் பிரித்துப் பூட்டும் முதியவர் ஒருவரும், அவரிடம் தொழில் பழகும் இளைஞர் ஒருவரும் அங்கே வேலை செய்கிறார்கள்.

அந்தப் பட்டறையின் மையம் சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பழைய சோதனை இயந்திரம். டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினிலிருந்து கழற்றி இதில் நிறுத்திச் சுழற்றினால், பாகை குறித்த ஒரு வளையத்தில் எட்டுப் பொறிகளும் எட்டு ஒளிக்கோடுகளாகத் தெரிகின்றன. நல்ல டிஸ்ட்ரிபியூட்டரில் அவை 45 பாகை இடைவெளியில் அசையாமல் நிற்கும். தேய்ந்ததில் நடுங்கும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகும். புதுப் பாயிண்ட் வாங்கிப் போட்டும் மைலேஜ் ஏறவில்லை என்று வருபவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் கோளாறு என்கிறார் முதியவர். அவர் முதலில் தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கிறார். அசைவு இருந்தால் வேறு எதையும் தொடாமல் புஷ் மாற்றும் வேலையைத் தொடங்குகிறார்.

டெல்கோவின் வி8 டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டாரைக் கழற்றியதும் இரண்டு எடைகளும் இரண்டு சுருள்வில்களும் கண்ணுக்குத் தெரியும். வேகம் ஏறும்போது எடைகள் வெளியே விரிந்து பொறியை முன்னதாக விழச் செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் வைக்காத வண்டிகளில் இவை பிசினும் துருவும் ஏறி இறுகிவிடுகின்றன. இளைஞர் அவற்றைக் கழுவி, ஊசிகளைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்டு வைத்து மறுபடியும் சுழற்றியபோது, முன்பு நகராமல் நின்ற ஒளிக்கோடுகள் சீராக நகரத் தொடங்கின. செலவு ஏதுமில்லாத இந்த வேலை, விலை கூடிய காயிலைவிட அதிகம் திருப்பித் தரக்கூடியது.

மைலேஜுக்கு நேரடியாகத் தொடர்புடைய பாகம் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டு வடிவில் ஒட்டியிருந்து, எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்னதாக்கும் வாக்குவம் அட்வான்ஸ். நெடுஞ்சாலையில் ஆக்சலரேட்டரை லேசாக மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை மெலிந்தது, அளவிலும் குறைவு. ஈர விறகைப்போல் அது மெல்லத்தான் பற்றும். ஆகவே பொறி வெகு முன்னதாக விழ வேண்டும். சிறிய செவ்ரொலே வி8-இல் முழு வேகத்தில் சுமார் 34 முதல் 36 பாகை முன்பொறி போதும். லேசான சுமையில் வாக்குவம் அதோடு 10 பாகைக்கும் மேல் சேர்த்து, 50 பாகைக்கு அருகே கொண்டுபோகிறது. உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் இந்தப் பாகைகள் முழுதும் போய்விடும். வண்டி ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. சோதிப்பது எளிது: குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, முனையை நாக்கால் அடைக்க வேண்டும். பாயிண்ட் தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் சவ்வு நல்லது. பின்னால் வழுக்கினால் மாற்ற வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸின் பல வண்டிகளில் கீழ்க் கியர்களில் வாக்குவத்தை அடைக்கும் ஏற்பாடு வந்தது. நோக்கம் நியாயமானது, ஆனால் எரிபொருள் அதற்கு விலையானது. அந்த ஏற்பாட்டின் வால்வு பழுதாகி எல்லாக் கியரிலும் அடைத்துக்கொண்டிருக்கும் வண்டிகளும் உண்டு. வாக்குவம் குழாய் எங்கிருந்து வருகிறது, அதில் உண்மையிலேயே உறிஞ்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் புதுப் பாகம் வாங்குவது வீண்.

மேம்பாடு என்று பலரும் சொல்வது எச்இஐ என்னும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைத்தான். 1974-இல் அறிமுகமாகி, 1975-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பொதுவான அமைப்பாக ஆனது இது. பாயிண்டுக்குப் பதில் காந்தமும் சுருளும் ஒரு மின்னணு மாட்யூலும், காயில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் தலைமேலேயே. உரசித் தேயும் கட்டை இல்லாததால் ஒருமுறை வைத்த டைமிங் நகராமல் நிற்கிறது. அதன் உண்மையான பலன் இதுதான். கூடுதல் வோல்டேஜ் இரண்டாவது பலன்: பாயிண்ட் காலத்தில் 0.9 மில்லிமீட்டராக இருந்த பிளக் இடைவெளியை 1.1 மில்லிமீட்டர் வரை கூட்டலாம், மெலிந்த கலவையும் தவறாமல் பற்றும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது மின்கம்பி. பாயிண்ட் கருகாமலிருக்க, பழைய வண்டியில் காயிலுக்குப் போகும் கம்பி மின்தடையுள்ளது, ஓடும்போது 12 வோல்டைக் குறைத்தே கொடுக்கும். எச்இஐ-க்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய கம்பியையே மாட்டிவிட்டால் விலை கொடுத்து வாங்கிய பாகம் பலவீனமான பொறியையே தரும். மாட்யூலுக்கு அடியில் சூட்டைக் கடத்தும் பசை பூசாமல் விட்டால் அது வெந்து, வண்டி வழியில் நிற்கும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, பெர்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களின் சிறு காந்த உணரி பாயிண்ட் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். புஷ் தேய்மானத்துக்கு அது மருந்தல்ல.

பிளக் கம்பிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த எஞ்சினின் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பற்றுபவை. இவற்றின் கம்பிகள் ஒட்டி ஓடினால் ஐந்தின் மின்சாரம் ஏழில் தூண்டலாகி, நேரத்துக்கு முன்பே பொறி விழலாம். முதியவர் இந்த இரண்டை மட்டும் தனித்தனியாக விலக்கிக் கட்டுகிறார்.

கடைசி வேலை டைமிங் வைப்பது. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டின் ஒளியில் கிராங்க் புல்லியின் குறியைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு குழாயை மாட்டி, சுமையோடு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் கிணுகிணுவென்று தட்டினால் முன்பொறி அதிகம், ஓரிரு பாகை பின்னுக்கு வைக்க வேண்டும். தட்டும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு மைலேஜ் தேடினால் பிஸ்டன் போகும்.

பல கிளைகளுள்ள பிளக், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், பொறியைப் பெருக்கும் பெட்டி என்று சந்தையில் வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவே சிறிதளவு பலன் தந்தன. கலவை ஏற்கெனவே ஒழுங்காகப் பற்றுகிறது என்றால் இன்னும் பெரிய பொறி அதை இன்னும் நன்றாக எரிப்பதில்லை.

பலனை அளக்க, டாங்கை ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே அளவுக்கு நிரப்பி, ஓடிய மைலையும் ஊற்றிய காலனையும் பல டாங்குகளுக்குக் குறித்து வைக்க வேண்டும். ஒரு டாங்கின் கணக்கைக் காற்றும் சுமையும் எளிதில் புரட்டிவிடும். காலனுக்கு 12 மைல், அதாவது லிட்டருக்கு சுமார் 5 கிலோமீட்டர் ஓடிய வண்டி 13 மைலுக்கு ஏறினால், பத்தாயிரம் மைலில் மிச்சமாவது சுமார் 64 காலன். இக்னிஷனைச் சரிசெய்த பிறகும் பிளக் கரிபிடித்தே வந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று பொருள். அதற்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டரில் செய்ய ஒன்றுமில்லை, கார்பரேட்டரைப் பிரிக்க வேண்டும்.