நெய்வேலி கண்டோம்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவம் 18 நாள் நடைபெறும். இறுதியில் விறகை அடுக்கி எரித்துத் தணலாக்கி, அத்தணலின்மேல் அடியார் நடந்து செல்வர். தீக்குழியின் வெப்பத்தைத் தொலைவில் நின்றே உணர்ந்து வளர்ந்தவர் நாம். ஆயினும், எமது வீட்டு விளக்குகளுக்குப் பின்னாலும் ஒரு பெருந்தீ எரிகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

புத்தளத்தை அடுத்த நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல் மின்நிலையம் நிலக்கரியை எரித்தே மின்சாரம் தருகின்றது. அக்கரி இலங்கை மண்ணில் எடுத்ததன்று. முழுவதும் கப்பலில் வருவது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நாம் தோண்டுவது பென்சிலுக்குள் வைக்கும் காரீயம். காரீயமும் நிலக்கரியும் காபன் என்னும் ஒரே மூலகத்தைச் சேர்ந்த உறவினரே. எனினும், ஒன்று எழுத உதவுகின்றது. மற்றது எரிக்க உதவுகின்றது.

சிதம்பர தரிசனத்துக்குச் சென்றிருந்தபோது, கரி எடுக்கும் இடம் ஒன்றையேனும் காணவேண்டும் என்ற ஆவலால் நெய்வேலிக்குப் புறப்பட்டோம். வழியில் வடலூர் வந்தது. வள்ளலார் 1867 இல் அங்கு மூட்டுவித்த அன்னசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து பசித்தவருக்குச் சோறிடுகின்றது. அதை வணங்கிவிட்டு மேலும் சிறிது தூரம் சென்றோம்.

சுரங்கம் என்றதும் இருண்ட குகையொன்றை எதிர்பார்த்தோம். கண்டதோ வானம் பார்த்த பெரும்பள்ளம். படிப்படியாக வெட்டிய அதன் அடியிலே பழுப்பு நிலக்கரி கிடக்கின்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரஞ்செடிகள் முற்றிய கரியாக மாறுமுன் உள்ள நிலை இது. எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. ஒரு தொன் கரிக்காக ஐந்து கனமீற்றருக்கு மேல் மண் அகற்ற வேண்டும். விளிம்பெங்கும் வாளிகள் பூட்டிய இராட்சதச் சக்கரங்கள் சுழன்று மண்ணை வாரிக்கொண்டிருந்தன. பள்ளத்தின் அருகே நின்ற மனிதர் எறும்புகளாகத் தெரிந்தனர்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. 1957 இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடக்கிவைத்தார்; 1961 இல் கரிப்படை வெளித்தோன்றியது; மறு ஆண்டில் மின்சாரம் பிறந்தது. ஆனால் கரியின் அடியில் பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கின்றது. இரவு பகலாக அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில், நீர் பள்ளத்தின் தளத்தை உடைத்துக்கொண்டு மேலெழுந்துவிடும்.

சாலையோரத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவரோடு பேச நேர்ந்தது. “எங்க ஊரு அந்தப் பள்ளத்துக்குள்ள போயிடுச்சுங்க. ஆனா எம் புள்ளைக்கு வேலை குடுத்ததும் அந்தப் பள்ளந்தான்,” என்றார். கோபமா, நன்றியா என்று எம்மால் பிரித்தறிய இயலவில்லை. 2023 இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த போராட்டத்தின் பொருள் அப்போது எமக்கு விளங்கிற்று.

திறந்த பள்ளத்திலேயே இத்தனை இடரென்றால், ஆழத்தில் உழைப்போர் நிலை என்ன? கரிப்படைகளிலிருந்து கசியும் மெதேன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். 1815 இல் ஹம்பிரி டேவி கம்பிவலையால் சுடரைச் சூழ்ந்த விளக்கை அமைத்தார். வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் சுடர் வெளியே தாவுவதில்லை. ஆயினும் பறக்கும் கரித்தூளும் தீப்பற்றும். பிரான்சின் குரியேர் சுரங்கத்தில் 1906 இல் கரித்தூள் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவின் சாஸ்நாலாவில் 1975 டிசெம்பர் 27 அன்று வெள்ளம் புகுந்து 370க்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. விபத்துக்குத் தப்பியவரின் நுரையீரலிலும் கரித்தூள் மெல்லப் படிந்து மூச்சை அடைக்கும். ஜாரியாவிலோ 1916 இல் கண்டறிந்த நிலத்தடித் தீ இன்றும் முற்றாக அணையவில்லை. நெய்வேலி அனல் மின்நிலையத்திலும் 2020 மே, ஜூலை மாதங்களில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர்.

நிலக்கரி இருப்புக் குறைந்துவிட்டதோ எனின், இல்லை. 2024–25 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா 100 கோடித் தொன்னுக்கு மேல் வெட்டி எடுத்தது. இன்னும் பெருந்தொகை மண்ணுள் உண்டு. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் வயல்களுக்குக் கீழும் பழுப்பு நிலக்கரி கிடக்கின்றது. இருப்பதனாலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்பதே கேள்வி. எரிக்குந்தோறும் வெளிப்படும் கரியமிலவாயு பூமியைச் சூடேற்றுகின்றது. கடலோரத்தில் வாழும் நமக்கு அது அயலார் கதையன்று. எமது கிழக்கிலங்கையிலேயே சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. அங்கே சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு 2025 இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஊர் திரும்பிய இரவு, எவரும் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் கண்டும் காணாமல் போயிருப்போம். அன்று தேநீர்க் கடைப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. எம்மூர்த் தீக்குழியில் இறங்குவோரை ஊரே சூழ்ந்து நின்று காக்கின்றது. நமக்காக நிலத்தின் ஆழத்தில் இறங்குவோரை நாம் கண்ணாலும் காண்பதில்லை. எழுந்து சென்று விளக்கை அணைத்தோம்.