அத்தை கேட்ட நீலம்

"மலை இப்படிப் பச்சைப் பெயிண்ட் அடிச்ச மாதிரியா இருக்கும்? போட்டோ பொய் சொல்லுதும்மா!" என்றார் என் மாமியார்.

அவருக்கு வயது 82. கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புரை விழுந்தால் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி நீல நிறம் மங்கிவிடுமாம். புது லென்ஸ் வைத்ததும் ஹாலில் மாட்டியிருந்த கொடைக்கானல் படத்தின் குட்டு வெளிப்பட்டு விட்டது! எடுத்தது நான், ஸ்டூடியோவில் நிறத்தைக் கூட்டச் சொன்னதும் நான்தான்.

மாமா இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை அங்கே போனவர் அத்தை. இப்போது முழங்கால் வலி. மலைப் பயணம் முடியாது. "நான் பார்த்த நீலத்தைக் கொண்டு வா" என்றார்.

ஜனவரியில் நானும் இவரும் வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். சுமார் 7,000 அடி உயரம். குளிர் நடுக்கியது. கோக்கர்ஸ் வாக் என்பது 1872ல் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை. முதல் நாள் நடுப்பகலில் போய் எடுத்துத் தள்ளினேன். வானம் வெள்ளை, மலை தட்டை! உச்சி வெயிலில் நிழல் விழாததால் மடிப்புகளே தெரியவில்லை.

மறுநாள் விடியுமுன்பே சால்வையைப் போர்த்திக்கொண்டு போனோம். சாய்வாக வெயில் பட்டதும் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நின்றது. தூரத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாய், போகப் போக வெளிர்நீலம். படத்திலோ விடியலின் பொன்னிறத்தைக் காணோம்!

அருகில் படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, காமிராவை ஆட்டோவில் விட்டால், விடியற்கால மஞ்சளைத் தப்புன்னு நினைச்சு அதுவே கழிச்சிடும். நிறத்துக்கான இடத்தில் சூரியன் குறியை வையுங்க." வைத்தேன். நிறத்தைப் பளிச்சென்று ஆக்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். பிற்பகலில் ஏறி வந்த மூடுபனி முதலில் அழுக்குச் சாம்பலாக விழுந்தது. வெளிச்சத்தை 'பிளஸ்' பக்கம் ஒரு படி கூட்டினேன், பனி வெள்ளையானது.

வீட்டுக்கு வந்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். விரல் அந்தக் கடைசி மலைமேல் நின்றது.

"இதேதான். உங்க மாமா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இதைத்தான் காட்டினார்."

பழைய படத்தைக் கழற்றிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "கொஞ்சம் மங்கலா இருக்கே?" என்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள், "மலை அப்படித்தான் இருக்கும்" என்று அத்தையே சொல்லிவிடுகிறார்!