இடம் மாறிய கொம்பு

ஓய்வுபெற்றபின் அப்பா, திருமயத்தின் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைகளைப் பற்றிக் குறிப்பெழுதி வந்தார். நான் கழித்துவிட்ட லினக்ஸ் கணினியில், எக்ஸ்டெர்ம் முனையத்தில். அவர் மறைந்து ஒரு மாதம் கழித்தே அக்கோப்பை என் கணினியில் திறந்தேன்.

முதலில் திரை முழுதும் அயலெழுத்துக் குப்பை. லொக்கேலை யுடிஎஃப்-8க்கு மாற்றியதும் தமிழ் வந்தது. ஆனால் 'பெருமாள்' என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் நின்றது. யுனிகோடில் பகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகின்றன. இடம் மாற்றிக் காட்டுவது திரையில் வரையும் நிரலின் வேலை. எக்ஸ்டெர்ம் அதைச் செய்வதில்லை; வந்த வரிசையிலேயே கட்டங்களில் வைத்துவிடும். (கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்த பழைய திஸ்கியில் இத்தொல்லை இல்லை.) எம்எல்டெர்மை நிறுவி, அமைப்புக் கோப்பில் ஓப்பன்டைப் வசதியை இயக்கினேன். பெருமாள் நேரானார். நெடுவரிசைகள் மட்டும் இன்னும் முட்டிக்கொள்கின்றன.

கல்வெட்டுப் படிகளுக்கு நடுவே ஒரு வரி: 'கொம்பு இடம் மாறுகிறது. தம்பியிடம் கேட்க வேண்டும்.' பின்னால் அதே வரி இன்னும் இருமுறை வருகிறது.

அவர் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.