வெட்டிய துணி

அமிர்தியில் மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். தைத்து முடித்த கட்டத்தை மேசைமேல் நீவிவிட்டு அளந்தேன். பன்னிரண்டரை அங்குலம் வர வேண்டியது பன்னிரண்டே காலில் நின்றுவிட்டது.

நான் தைக்கும் விரிப்புக்கு மொத்தம் 20 கட்டம். எல்லாம் வீட்டிலும் தையல்கடையிலும் மிஞ்சிய துண்டுத் துணி. ஒரு கட்டம்போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் நடுவே சிவப்புச் சதுரம் வைத்து, மரவீட்டுக்குக் கட்டை அடுக்குவதுபோல் சுற்றிலும் பட்டை பட்டையாகத் தைக்க வேண்டும். அந்தச் சிவப்பு வீட்டு அடுப்பு என்பார்கள். இன்று தைத்தது அதைவிட எளிது. நாலரை அங்குலச் சதுரம் 9, வரிசைக்கு மூன்று. ஓரத்தில் தையலுக்குக் கால் அங்குலம்.

அந்தக் கால் அங்குலம் எங்கே போனது என்று யோசித்தபோது ஆயா காலத்துக் கணக்கு தானாக வந்தது. கோட்டிலிருந்து ஒரு வீசம் உள்ளே தள்ளித் தைத்திருக்கிறேன். துண்டுக்கு வீசம், இரண்டு துண்டு சேரும் தையலுக்கு அரைக்கால், வரிசைக்கு இரண்டு தையல், ஆகக் கால். பதினாறில் ஒரு பங்கு, ஊசி பிடித்த கைக்கே தெரியாதது, மூன்று படி ஏறியதும் அளவுகோலில் தெரிந்துவிட்டது.

கட்டத்தைப் புரட்டினேன். குறைந்த துணி எங்கும் போகவில்லை. முதுகுப் பக்கம் மடிப்பு மடிப்பாக நின்றது. விரலால் தடவினால் வரப்பில் நடக்கிற மாதிரி இருந்தது.

வரப்பு என்றால் எனக்குப் புத்தரின் சீடர் ஆனந்தர்தான். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கத்தில், அவர்கள் உடுத்தும் சீவரத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. புத்தர் ராஜகிருகத்திலிருந்து தக்கிணகிரிக்குப் போகிறார். தக்கிணகிரி என்றால் தென்மலை. வழியில் மகத நாட்டு வயல்கள். நீள வரப்பு, குறுக்கு வரப்பு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். பிக்குகளுக்கு இந்த மாதிரி ஒரு சீவரம் அமைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்கிறார். முடியும் என்கிறார் ஆனந்தர். பிறகு தைத்துக் கொண்டுவந்து காட்டுகிறார். சுருங்கச் சொன்னதை விரிவாக விளங்கிக்கொண்டவன் என்று புத்தர் அவரை மெச்சுகிறார். நீளத் தையலுக்கு ஒரு பெயர், குறுக்குத் தையலுக்கு ஒரு பெயர், பெரிய பாத்திக்கு, சிறிய பாத்திக்கு, கழுத்தில் படும் துண்டுக்கு, காலில் படும் துண்டுக்கு, கைக்கு வரும் துண்டுக்கு என்று அங்கே தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. துறவு நூலுக்குள் ஒரு தையற்காரரின் அளவு நோட்டு! இன்றும் இலங்கை பிக்குகளின் சீவரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அந்தப் பாத்திகள் தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்துவது புத்தர் சொல்லும் காரணம். கத்தி பட்ட துணி துறவிக்குத் தகுந்தது. பகைவர் அதற்கு ஆசைப்பட மாட்டார்கள். முழுத் துணிக்கு விலை உண்டு. வெட்டியதும் அது போய்விடுகிறது.

ஆயாவும் இதைத்தான் சொன்னாள். நைந்த நூல்புடவை மூன்றை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்ட விரிப்பு அவளுடையது. மார்கழிக் குளிரில் பேரப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் அதில்தான் படுப்போம். அவரவருக்கு அவரவர் ஒட்டு. என் தலைமாட்டில் காக்கித் துண்டு ஒன்று. "இது உங்கப்பனோட நிஜாரு கண்ணு, மூணாம் வகுப்புல போட்டுக்கினு போனது" என்பாள். ஒரு நாள் ராத்திரி பின்கட்டில் ஆள் புகுந்து அண்டா, குடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கொடியில் கிடந்த விரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆயா அதை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "இத எவன் எடுத்துக்கினு போவான்? இது நமக்குத்தான்."

ஆயாவைப் போலவே, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தில் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942-இல் ஒரு விரிப்பு தைத்தார். கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொள்வதற்காக. அந்த ஊர்ப் பெண்களின் விரிப்புகளை 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்கத் தபால்தலையிலும் போட்டார்கள். விலை பிறகு வந்தது. தைத்தபோது அது அவருக்கு மட்டுமான துணி.

மழை விட்டதும் ஜமுனாமரத்தூர் பாதையில் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கீழே ஒரு பாத்தியில் நெல், அடுத்ததில் மல்லாட்டை, அதற்கடுத்தது உழுது போட்ட மண். எல்லாவற்றுக்கும் நடுவே ஈர வரப்பு.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். ஆயாவின் விரிப்பு இற்றுப்போனபோது எடுத்து வைத்த காக்கி அதில் இருக்கிறது. குறைந்த கட்டத்தைப் பிரிக்கப் போவதில்லை. நாலு பக்கமும் காக்கியைப் பட்டையாக வைத்துத் தைத்துப் பன்னிரண்டரைக்கு நறுக்கிவிடுவேன். தையலுக்குள் போனது போக, வெளியே அரைக்கால் அங்குலம்தான் தெரியும். வரப்புக்கு அது போதும்.