நாலு ஸ்பீக்கரும் ஒரே நாள்ல சாகாது

திராட்சைக் கவாத்து முடிஞ்ச வாரத்துல எங்க கார் ஊமையாயிடுச்சு. வண்டி ஓடுது, ஏசி வேலை செய்யுது, ஹாரன் அடிக்குது. ரேடியோவுல விளக்கு எரியுது, நம்பரும் ஓடுது. சத்தம் மட்டும் இல்ல. இதுக்கெல்லாமா ஒரு பதிவுன்னு கேக்காதீங்க. எங்க வீட்டுல அது பெரிய விஷயம்.

அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அப்பா பேச்சைக் குறைச்சுட்டார். வயசு 76. வீட்டுல டிவி பேரப்பிள்ளைங்க கையில. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு என்கூட தோட்டத்துக்கு வருவார். பந்தலுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, தென்னை நிழல்ல நிக்கிற காருல போய் டிரைவர் சீட்டுல உக்காருவார். கதவைத் திறந்து வச்சு ரேடியோவைப் போடுவார். கோடை பண்பலை, 100.5. அந்த நிலையம் இருக்கிறது 2,000 மீட்டருக்கு மேல, கொடைக்கானல் மலையில. எஃப்.எம். அலை நேர்கோட்டுல போறது. அதனால அவ்வளவு உசரத்துல இருந்து கிளம்புற பாட்டு தேனி, திண்டுக்கல், மதுரைன்னு கீழ இருக்கிற ஊருக்கெல்லாம் வந்து சேரும். பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கம்தான். 1976-ல அன்னக்கிளி வந்தப்போ அப்பா இளவட்டம். அந்தக் காலத்துப் பாட்டு ஏதாவது வந்தா விரல் ஸ்டீயரிங்ல தாளம் போடும். நான் தூரத்துல இருந்து பாத்துக்குவேன்.

சத்தம் நின்ன மூணாம் நாள் "கால் வலிக்குது, நீ போயிட்டு வா"ன்னுட்டார். நாலாம் நாளும் அதேதான். அப்புறம் தோட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டார். கால் வலி எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

கார் 2003 மாடல். குமுளிப் பக்கம் எஸ்டேட்ல இருந்த ஒருத்தர்கிட்ட 2012-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. பக்கத்து டவுன்ல ஒரு கார் செட் கடைக்குக் கொண்டுபோனேன். அங்க இருந்த பையன் டேஷ்போர்டுல இருந்த செட்டைக் கழட்டிட்டு புதுசு ஒண்ணை மாட்டிப் பாத்தான். அதுலயும் சத்தம் வரல. "நாலு ஸ்பீக்கரும் போச்சுண்ணே. செட்டு, ஸ்பீக்கர், வயரிங் எல்லாம் சேத்து 22,000 ஆகும்"னான். கவாத்துக் கூலி குடுத்து முடிச்ச வாரம். பழைய செட்டையே மாட்டித் தரச்சொல்லி ஓட்டிட்டு வந்துட்டேன்.

கம்பத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்கார். ஒரு காலத்துல கோயில் திருவிழாவுக்குக் குழாய் செட் கட்டினவர். இப்போ வீட்டுத் திண்ணையில மிக்சி, டார்ச், ரேடியோ ரிப்பேர். விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார்.

"தம்பி, நாலு தென்னை ஒரே நாள்ல காஞ்சா மரத்தையா வெட்டுவ?"

"மோட்டாரைப் பாப்பேன்ணே."

"அப்ப இங்கயும் மோட்டாரைப் பாரு."

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. எல்லா காருலயும் சத்தத்தைப் பெருக்குற வேலையை டேஷ்போர்டு செட்டே செய்யறது இல்ல. சில வண்டிக்குக் கம்பெனியிலேயே தனியா ஒரு ஆம்ப்ளிபயர் வச்சிருப்பாங்க. சீட்டுக்கு அடியில, இல்லன்னா டிக்கியில, ஒரு தகரப் பெட்டி. செட் அனுப்புறது சின்ன சிக்னல்தான். பெட்டி அதைப் பெருக்கி நாலு ஸ்பீக்கருக்கும் பிரிச்சு விடும். அந்தப் பெட்டி படுத்துட்டா எத்தனை புது செட் மாட்டினாலும் சத்தம் வராது. கடைப் பையன் ஏமாத்தினான்னு சொல்ல மாட்டேன். பெட்டி இருக்கிறதே அவனுக்குத் தெரியல. எனக்கும்தான் தெரியல, இத்தனை வருஷமா.

ஞாயித்துக்கிழமை அண்ணன் தோட்டத்துக்கே வந்தார். முதல் வேலையா பேட்டரியில நெகட்டிவ் வயரைக் கழட்டினார். அப்புறம் முன்பக்கம் இடது சீட்டு. அம்மா உக்காந்து வர்ற சீட்டு அதுதான். நாலு போல்ட். "சீட்டுக்கு அடியில மஞ்சக் கலர்ல வயரோ கப்ளரோ வந்தா தொடக்கூடாது, அது காத்துப் பை சமாச்சாரம்"னு எனக்குச் சொல்லிக் குடுத்தார். எங்க வண்டியில அப்படி எதுவும் இல்ல.

சீட்டைத் தூக்கினதும் ரெண்டு பேரும் பேசல. கார்ப்பெட்ல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கு. அதுக்கு நடுவுல ஏலக்காய்த் தோலு, காஞ்ச திராட்சைக் காம்பு, அந்தத் தகரப் பெட்டி. ஓரமெல்லாம் துரு.

"என்ன தம்பி இது, உரக்கடையா?"

எனக்கு முகத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல. டெம்போ கிடைக்காத அன்னிக்கு யூரியா, பொட்டாஷ் மூட்டையைப் பின் சீட்டுலதான் போட்டுட்டு வருவேன். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரை முன் சீட்டுக் காலடியில வைப்பேன். அதுல ஒரு ஒழுக்கு உண்டு. மூட்டையில இருந்து சிந்தின உரம் காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கும், அதுமேல ஒழுகின தண்ணியும் சேந்தா இரும்பு என்ன ஆகும், செம்பு என்ன ஆகும்? "காரை மாட்டுவண்டி ஆக்காதடா"ன்னு அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கார்.

அண்ணன் பெட்டியோட கப்ளரைக் கழட்டினார். கைக்கடிகாரத்தைக் கழட்டி வச்சுட்டு, சட்டைப் பையில இருந்து டார்ச்சுக்குப் போடுற 1.5 வோல்ட் செல் ஒண்ணை எடுத்தார். ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு வயர்லயும் ஒரு நொடி மட்டும் தொட்டார். முன் கதவுல 'டப்'னு ஒரு சத்தம். அடுத்த ஜோடி, 'டப்'. மூணாவதும் 'டப்'. நாலாவது, பின்னாடி வலது பக்கம், சத்தமே இல்ல. நாலும் போச்சுன்னு சொன்னதுல மூணு உசுரோட இருக்கு. செலவு, ஒரு செல்.

அடுத்தது கரண்ட் பாக்கணும். பேட்டரியைத் திரும்ப மாட்டினா ரேடியோ 'கோடு' கேக்குது. அந்தக் காலத்து செட்டுல திருட்டுக்குப் பயந்து வச்ச ஏற்பாடு. பேட்டரியைக் கழட்டி மாட்டினா நாலு நம்பர் அடிச்சாத்தான் தெறக்கும். தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா பூட்டிக்கும். செட் தெறந்தாத்தான் ஆம்ப்ளிபயருக்கு 'எந்திரி'ன்னு சொல்ற சின்ன வயர்ல கரண்ட் வரும். அது இல்லாம மேல சோதிக்க முடியாது. வேலை நின்னு போச்சு.

வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட கேட்டேன். ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய் பீரோவுல இருந்து வரவு செலவு நோட்டைக் கொண்டுவந்தார். 2012-ஆம் வருஷத்து நோட்டு. கார் எடுத்த அன்னிக்கு எழுதின பக்கம். எலுமிச்சம்பழம் 4, தேங்காய் 1, மல்லிப்பூ 2 முழம், டீசல். அதுக்குக் கீழ "ரேடியோ நம்பர்"னு எழுதி நாலு எண். அப்பா அந்தப் பக்கத்துலயே கொஞ்ச நேரம் விரலை வச்சிருந்தார். அப்புறம் செருப்பை மாட்டினார். "நானும் வர்றேன்."

நம்பரை அடிச்சதும் செட் தெறந்துச்சு. அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில இருந்து பெட்டிக்கு வர்ற வயர்ல 12.4 வோல்ட். பியூஸ் நல்லா இருக்கு. எழுப்புற வயர்லயும் 12. மீட்டர்படி எல்லாம் சரி. ஆனா பெட்டி எந்திரிக்கல.

"மீட்டரை மட்டும் நம்பக்கூடாது தம்பி"ன்னு சொல்லிட்டு, ஒரு பழைய பிரேக் லைட் பல்பை எடுத்து, பெட்டிக்கு வர்ற பேட்டரி வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவுல குடுத்தார். எரியல. எர்த்தை விட்டுட்டு காரோட சட்டத்துல தொட்டார். பளிச்சுன்னு எரிஞ்சது.

சொட்டுநீர் போட்டவங்களுக்கு இது புரியும். குழாய்ல அடைப்பு இருந்தாலும், கடைசி வால்வை மூடி வச்சா பிரஷர் மீட்டர் முழுசாத்தான் காட்டும். வால்வைத் தெறந்து விட்டாத்தான் தண்ணி நூலா வர்றது தெரியும். மீட்டர் கரண்டைப் பேருக்குத்தான் இழுக்கும், பல்பு நல்லா இழுக்கும். அதான் வித்தியாசம். கோளாறு எர்த்துலதான்.

கார்ப்பெட்டை விலக்கி அந்த வயர் போற வழியிலயே போனோம். சட்டத்துல போல்ட் போட்டு முறுக்கியிருந்த இடத்துல பச்சைப் பொடி. மயில்துத்தம் தூவினமாதிரி. வயர் முனை கையோட வந்துருச்சு. உப்புத்தாள் போட்டு சட்டத்தைத் தகரம் தெரியத் தேச்சு, புது முனை போட்டு, முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவினார். பெட்டியையும் தெறந்து பாத்தார். உள்ள ஒரு கால்ல ஈயம் விட்டிருந்தது, சால்டர் வச்சார். அண்ணன் கூலி 400. மேல ஒரு ரூபா வாங்க மாட்டேன்னுட்டார்.

கிளம்புறப்ப ஒண்ணு சொன்னார், உங்களுக்கும் உதவும். பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புது செட் மாட்டினா, செட்டுல இருந்து ஸ்பீக்கருக்கு நேரா வயர் இழுக்கணும். ஸ்பீக்கரோட ஒரு வயரை மிச்சம் பிடிக்கிறேன்னு பாடியில எர்த் பண்ணக்கூடாது, செட்டு எரிஞ்சுடும்.

பின்னாடி வலது ஸ்பீக்கர் இன்னும் மாத்தல. உர மூட்டையை டிராக்டர் டிரெய்லருக்கு மாத்தியாச்சு. ஸ்பிரேயருக்கும் வாஷர் போட்டாச்சு. அது அஞ்சு ரூபா.

அன்னிக்கு வேலை முடிஞ்சப்போ மணி ஆறு. சீட்டை மாட்டுறதுக்கு முன்னாடியே அப்பா டிரைவர் சீட்டுல உக்காந்துட்டார். நான் ரேடியோவைப் போட்டு, இத்தனை நாள் வேகத்துக்கும் சேத்து நல்லா சத்தமா வச்சேன். தென்னையில இருந்த கொக்கு ரெண்டு எந்திரிச்சுப் பறந்துச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பாத்தார்.

"ஏண்டா, சத்தத்தைக் கொற. எனக்கு என்ன காதா கேக்கல?"